நாளுக்கு இரண்டு பிராங்க்

தடுப்பரண்களின் நகரம் – பகுதி 9

சென்ற வாரம் மன்னர் லூயி பிலிப் மூட்டை கட்டியதோடு நிறுத்தியிருந்தோம். 1848 பிப்ரவரி 22 முதல் 24 வரை மூன்றே நாள். எதிர்க்கட்சியினரின் விருந்துக் கூட்டத்துக்குத் தடை வந்தது. கபுசின் பெருவீதியில் சிப்பாய்கள் சுட்டதில் சுமார் ஐம்பது பேர் செத்து விழுந்தார்கள். சடலங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஊரைச் சுற்றினார்கள். விடிந்தபோது பாரிஸில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தடுப்பரண். மன்னர் முடிதுறந்து இங்கிலாந்துக்குத் தப்பினார்.

நகர மண்டபத்தில் ஒரு தற்காலிக அரசு வந்து உட்கார்ந்தது. கவிஞர் லமார்த்தீன், வானியலாளர் அரகோ, வழக்கறிஞர் லெத்ரு ரோலன், சோஷலிச எழுத்தாளர் லூயி பிளாங்க், போனால் போகிறதென்று ஆல்பெர் என்ற ஒரு தொழிலாளி. பலசரக்கு அமைச்சரவை.

இந்த வாரம் சண்டை குறைவு, கணக்கு அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்து ரத்தத்துக்கு வாய்க்கால் வெட்டியது இந்தக் கணக்குதான்.

●

துப்பாக்கியோடு ஒரு மனு

பிப்ரவரி 25. நகர மண்டபத்துக்கு வெளியே சதுக்கம் கொள்ளாத கூட்டம். உள்ளே அமைச்சர்கள் தூக்கமில்லாத கண்களோடு ஆணை மேல் ஆணையாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தொழிலாளி நுழைந்தார். மார்ஷ் என்று பெயர். துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஓங்கி இடித்தார். சன்னல் வழியே சதுக்கத்தைக் காட்டினார். அங்கே நிற்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: வேலைக்கு உரிமை. அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்.

லமார்த்தீன் எழுந்தார். பேச்சால் கூட்டத்தை உருக்குவதில் அவரை மிஞ்ச பிரான்ஸில் அன்று ஆள் கிடையாது. மார்ஷ் உருகவில்லை, பேசியது போதும் என்று இடையிலேயே வெட்டினார்.

லூயி பிளாங்க் சன்னலோரம் ஒதுங்கிப் பேனாவை எடுத்தார். உழைத்துப் பிழைக்கும் தொழிலாளியின் வாழ்வுக்கு பிரெஞ்சுக் குடியரசு உறுதியளிக்கிறது. எல்லாக் குடிமக்களுக்கும் வேலை தர அது கடமைப்பட்டிருக்கிறது. சில வரிகள்தான். அமைச்சர்கள் கையெழுத்திட்டார்கள். மார்ஷ் தாளோடு சதுக்கத்துக்கு இறங்கினார்.

எல்லோருக்கும் வேலை தருவதாக ஓர் அரசு எழுதிக் கொடுத்துவிட்டது. எங்கே, எந்த வேலை, எந்தப் பணத்தில் என்று அந்தத் தாளில் ஒரு சொல் இல்லை.

மறுநாள் பிப்ரவரி 26 அன்று ‘தேசியப் பட்டறைகள்’ அமைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பொறுப்பு பொதுப்பணித்துறை அமைச்சர் மாரியிடம். (நம் ஊர்ப் பெயர்போல இருக்கும். ஆள் பழுத்த பாரிஸ் வக்கீல்.)

இன்னொரு அறிவிப்பும் அந்த நாட்களிலேயே வந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலையற்ற இளைஞர்களைச் சேர்த்து ‘கார்த் மொபில்’ என்ற புதிய காவல் படை. இருபத்துநான்கு பட்டாளங்கள். நாளுக்கு ஒன்றரை பிராங்க். தங்க இடம், சீருடை. தெருவில் கல்லெறிந்த கைகளிலேயே துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் தெரு அடங்கும் என்பது யோசனை.

இந்தப் படையை ஓரமாக நிறுத்திவைப்போம். கடைசியில் தேவைப்படும்.

●

கடை அடைத்த நகரம்

வேலை எங்கே போனது?

1846இல் கோதுமை பொய்த்தது. உருளைக்கிழங்கை நோய் தின்றது. ரொட்டி விலை ஏறினால் ஏழை வேறு எதையும் வாங்கமாட்டான். துணிக்கும் செருப்புக்கும் விற்பனை படுத்தது. 1847இல் கடன் சந்தை இறுகி, ரயில் பாதை போடும் வேலைகள் பாதியில் நின்றன. புரட்சி வந்தபோதே பாரிஸ் நோயாளிதான்.

புரட்சி மிச்சத்தைச் செய்தது. பாரிஸ் அன்றைக்கு ஆலைப் புகை சூழ்ந்த நகரமல்ல. சின்னச் சின்னப் பட்டறைகள். நகை, வெண்கலச் சிலை, மேசை நாற்காலி, கையுறை, பியானோ, கோச்சு வண்டி. வாங்குகிறவர்கள் பணக்காரர்கள். செங்கொடியைத் தெருவில் பார்த்ததும் அவர்கள் கிராமத்து மாளிகைகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆர்டர் நின்றது. பட்டறைக்காரர் கடன் வாங்கிச் சமாளிக்கலாமென்றால் வங்கிகளே தள்ளாடின. சேமிப்பு வங்கியில் போட்ட பணத்தில் ரொக்கமாக 100 பிராங்குக்கு மேல் எடுக்க முடியாதென்று மார்ச் மாதம் ஆணை வந்தது. மழைக்காலத்துக்கென்று சிறுவாடு சேர்த்திருந்த தொழிலாளிக்கு மழைக்காலத்திலேயே கதவு மூடப்பட்டது.

பாரிஸ் வணிகர் சபை பின்னர் ஒரு கணக்கெடுத்தது. 1847இல் நகரத்துத் தொழில்களில் இருந்தவர்கள் சுமார் 3,42,000 பேர். புரட்சிக்குப் பிந்தைய மாதங்களில் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். மொத்த மக்கள்தொகையே பத்து லட்சம் சொச்சம்தான்.

இந்தக் கூட்டத்துக்குத்தான் மாரி வேலை கண்டுபிடிக்க வேண்டும்.

●

முத்திரைக்கு அலைந்தவர்கள்

முதல் சில நாட்கள் இப்படி நடந்தன.

வேலையில்லாதவர் முதலில் வீட்டுக்காரரிடம் போய், இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று எழுதி வாங்க வேண்டும். வாடகை பாக்கி வைத்திருந்தால் அதுவே ஒரு தலைகுனிவு. அந்தச் சீட்டில் வட்டாரப் போலீஸ் அதிகாரி முத்திரை வைக்க வேண்டும். அதோடு வட்டார நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நின்றால் பட்டறைக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கும். சீட்டோடு மண் வெட்டும் இடத்துக்கு நடக்க வேண்டும். அங்கே ஆள் நிரம்பிவிட்டது என்பார்கள். இன்னொரு இடத்துக்கு நடை. அங்கேயும் நிரம்பியிருக்கும். அதற்குச் சான்றாக முத்திரை வாங்கிக்கொண்டு மறுபடி நகராட்சி அலுவலகத்துக்கு வந்தால் வேலையில்லாப் படியாக ஒன்றரை பிராங்க் கொடுப்பார்கள்.

வேலை கிடைத்தவருக்கு இரண்டு பிராங்க். கிடைக்காதவருக்கு ஒன்றரை. நாள் முழுக்க மண் வெட்டுவதற்கும் முத்திரைக்கு அலைவதற்கும் வித்தியாசம் அரை பிராங்க். கணக்குப் போடத் தெரியாத தொழிலாளி பாரிஸில் கிடையாது. அலுவலகங்களில் கூட்டம் நெரிந்தது. நகராட்சிக் குமாஸ்தாக்களும் மேயர்களும் எங்களால் ஆகாது என்று கையை விரித்தார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் ஓர் இளைஞர் மாரியைப் பார்க்க வந்தார். எமில் தோமா. வயது இருபதுகளின் நடுவில். பாரிஸின் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரியான எக்கோல் சாந்த்ராலில் படித்தவர். குழப்பத்துக்கு அவரிடம் ஒரு மருந்து இருந்தது: ராணுவ ஒழுங்கு.

பத்துப் பேரும் ஒரு தலைவரும் சேர்ந்தால் ஓர் அணி. ஐந்து அணிகளுக்கு ஒரு பிரிகேட். நான்கு பிரிகேடுகளுக்கு ஒரு லெப்டினன்ட். நான்கு லெப்டினன்டுகள் சேர்ந்தால் சுமார் தொள்ளாயிரம் பேர் கொண்ட ஒரு கம்பெனி. கீழ்மட்டத் தலைவர்களைத் தொழிலாளிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். மேல் பதவிகளுக்கு தோமாவின் கல்லூரி மாணவர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் கொடி. தலைமையகம் மோன்சோ பூங்காவில், முன்பு அரச குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த மாளிகை.

மாரிக்கு யோசனை பிடித்தது. தோமா இயக்குநர் ஆனார். படிப்பு முடித்துச் சில ஆண்டுகளே ஆன ஒருவரிடம் ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய நகரத்தின் வேலையின்மை ஒப்படைக்கப்பட்டது.

திட்டம் ஒழுங்காகத்தான் இருந்தது. கூலி நேரத்துக்கு வந்தது. நோய்ப்பட்டால் இலவச மருத்துவம். அலைச்சல் ஒழிந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று.

வேலை.

●

தங்கத்தட்டார் கையில் கடப்பாரை

ஷான் த மார்ஸ் என்ற பெரிய மைதானம். இன்று ஈஃபில் கோபுரம் நிற்கிறதே, அதே இடம். அதைச் சமப்படுத்துவது பட்டறைகளின் முக்கியமான பணி. மேட்டிலிருந்து மண்ணை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுவார்கள். பெருவீதிகளில் பிப்ரவரியில் தடுப்பரணுக்காக வெட்டிச் சாய்த்த மரங்களுக்குப் பதில் புதுக் கன்றுகள் நடுவதும் ஒரு வேலை. மரத்தை வெட்டியவர்களே கன்றும் நட்டிருக்கக்கூடும்.

யார் இந்தத் தொழிலாளிகள்? கல் பதிப்பவர், தொப்பி தைப்பவர், செதுக்குவேலைக்காரர், தச்சர், அச்சுக்கோப்பவர். நல்ல காலத்தில் நாளுக்கு மூன்று, நான்கு, சிலர் ஐந்து பிராங்க் சம்பாதித்தவர்கள். தலைமுடி அளவு வளைவைக் கண்ணாலேயே கணக்கிடும் நகைத்தொழிலாளியின் கை கடப்பாரை பிடித்து ஒரு வாரத்தில் காய்த்துப்போனால், வேலை திரும்ப வரும் நாளில் அவர் எந்தக் கையால் கல் பதிப்பார்? தொழிலாளிகள் கேட்டது தங்கள் தங்கள் தொழிலில் வேலை. அரசு அதைத் தர மறுத்தது. அரசே மேசை செய்யத் தொடங்கினால் தனியார் பட்டறைகள் சாகும் என்றது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மண் வெட்டும் வேலையும் சீக்கிரத்தில் தீர்ந்துபோனது.

வேலையில்லாப் படி மார்ச் நடுவிலேயே ஒரு பிராங்காகக் குறைக்கப்பட்டிருந்தது. தோமா முறை வைத்தார். வாரத்தில் இரண்டு நாள் வேலை, இரண்டு பிராங்க் வீதம் நான்கு. மீதி நான்கு நாள் சும்மா, ஒரு பிராங்க் வீதம் நான்கு. ஆக வாரத்துக்கு எட்டு பிராங்க். குடும்பம் பட்டினி கிடக்காது, வயிறும் நிறையாது.

நான்கு நாள் சும்மா இருப்பது என்றால் என்ன? கொடியோடு, தலைவரோடு, அணி அணியாக, காலையில் கூடி, பெயர் கூப்பிட்டு, பிறகு ஒன்றும் செய்யாமல் நிற்பது. பேசுவது. செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது. மாலையில் கிளப்புகளுக்குப் போவது. புரட்சிக்குப் பின் பாரிஸில் வட்டாரத்துக்கு வட்டாரம் அரசியல் கிளப்புகள் முளைத்திருந்தன. தனித்தனிப் பட்டறைகளில் ஐந்து பேர், பத்துப் பேராகச் சிதறிக் கிடந்த தொழிலாளிகளை அரசே ஒன்று சேர்த்து, எண்ணி, வரிசைப்படுத்தி, தலைவர்களைத் தேர்ந்தெடுக்கப் பழக்கியது. எந்தப் புரட்சிக்காரனும் கனவில்கூட இப்படி ஓர் அமைப்பைக் கட்டியிருக்க முடியாது.

பெண்களுக்கும் தையல் பட்டறைகள் திறந்தார்கள், தேசியக் காவல் படைக்குச் சட்டை தைக்க. கூலி துண்டுக்கு இவ்வளவு என்று, ஆண்களின் படியைவிடக் குறைவு. தேசிரே கே என்ற பெண்மணியைத் தையல்காரிகள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இது வேலையல்ல, பிச்சை என்று அவர் எழுதினார். பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். இவர் கதையைத் தனியாகவே எழுதலாம்.

●

மாரி போட்ட கணக்கு

தேசியப் பட்டறைகள் லூயி பிளாங்கின் திட்டம் என்று அன்றைய எதிரிகள் சொன்னார்கள். இன்றும் சிலர் எழுதுகிறார்கள். தவறு. தொழிலாளிகளே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுப் பட்டறைகள்தான் அவர் தன் நூலில் கேட்டது, தொழில்வாரியாக. அதற்கு அமைச்சகமும் கேட்டார். கொடுக்கவில்லை. லக்சம்பர்க் அரண்மனையில் ஒரு ஆணையத்தைக் கொடுத்து, தொழிலாளிப் பிரதிநிதிகளோடு பேசிக்கொண்டிருங்கள் என்று உட்காரவைத்தார்கள். அரண்மனை உண்டு, பணம் கிடையாது.

பணம் மாரியிடம் இருந்தது. மாரிக்கு சோஷலிசம் ஆகாது. தோமா பின்னர் எழுதிய வரலாற்றில் ஒரு உரையாடலைப் பதிவு செய்கிறார். தொழிலாளிகளை உங்கள் பக்கம் இழுத்துவையுங்கள், பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், இவர்களைத் தெருவில் இறக்க வேண்டிய நாள் வரலாம் என்ற பொருளில் அமைச்சர் அவரிடம் பேசியிருக்கிறார். அதாவது லூயி பிளாங்கின் ஆட்களுக்கு எதிராக நிறுத்த ஒரு தொழிலாளர் படை. பட்டறைகளின் தலைமை சோஷலிஸ்டுகளுக்கு எதிரானவர்களிடமே இருந்தது என்று லமார்த்தீனும் தன் வரலாற்றில் மறைக்காமல் எழுதிவைத்தார்.

நிவாரணம் என்ற பெயரில் அரசு செய்தது அரசியல் முதலீடு. சில வாரங்கள் அது பலனும் தந்தது. மார்ச், ஏப்ரலில் நடந்த பெரிய ஊர்வலங்களிலிருந்து தன் ஆட்களை விலக்கிவைக்க தோமா பாடுபட்டார். ஓரளவு வெற்றியும் பெற்றார். கூலி வரும் வரை அமைப்பு கட்டுக்குள் இருந்தது.

எண்ணிக்கைதான் கட்டுக்குள் இல்லை. மார்ச் தொடக்கத்தில் சில ஆயிரம். ஏப்ரல் நடுவில் அறுபதாயிரத்தைத் தாண்டியது. ஜூனில் சுமார் 1,17,000. பாரிஸில் வேலையிழந்தவர்கள் மட்டுமல்ல, பாரிஸில் படி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வெளியூரிலிருந்து வந்தவர்களும் உண்டு.

●

கிராமம் கொடுத்த விலை

இவ்வளவுக்கும் பணம் யார் தருவது?

மார்ச் 16. நேரடி வரிகளின் மேல் ஒவ்வொரு பிராங்குக்கும் 45 சாந்தீம் கூடுதல் வரி. நூறு சாந்தீம் ஒரு பிராங்க். ஆக, நூற்றுக்கு 45. பெரும் பகுதி நிலவரி. சுமை விவசாயிகளின் தலையில்.

கருவூலம் காலியானதற்கு மன்னராட்சி விட்டுப்போன கடன் உட்படப் பல காரணங்கள். பட்டறைச் செலவு அதில் ஒரு பகுதிதான். ஜூன் வரை மொத்தமாகவே சுமார் 1.4 கோடி பிராங்க். ஆனால் கிராமத்து விவசாயிக்குக் கடன் பத்திரம் புரியாது. பாரிஸில் ஒரு லட்சம் பேர் சீட்டாடிக்கொண்டு சம்பளம் வாங்குகிறார்கள், அதற்கு நான் வரி கட்டுகிறேன் என்பது புரியும். பழமைவாதப் பத்திரிகைகளும் ஊர்ப் பிரபுக்களும் அதைப் புரியவைத்தார்கள்.

ஏப்ரல் 23, ஈஸ்டர் ஞாயிறு. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை என்று அரசு அறிவித்திருந்த முதல் தேர்தல். கிராமத்து ஆண்கள் பூசை முடிந்து அணிவகுத்துப் போய் வாக்களித்தார்கள். வாக்காளர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள். பாரிஸ் புரட்சி செய்து வாங்கிய வாக்குச்சீட்டை வைத்தே பாரிஸுக்கு எதிரான ஒரு சபையை பிரான்ஸ் தேர்ந்தெடுத்தது. நூற்றுக்கணக்கான மன்னராட்சி அனுதாபிகள், மிதவாதக் குடியரசுவாதிகள், விரல்விட்டு எண்ணக்கூடிய சோஷலிஸ்டுகள்.

மே 15 அன்று போலந்துக்கு ஆதரவாக என்று கிளம்பிய கூட்டம் சபைக்குள் புகுந்து, சபை கலைக்கப்பட்டதாக அறிவித்துக் கூத்தடித்தது. சில மணி நேரத்தில் அடக்கப்பட்டது. கிளப்புத் தலைவர்களான பார்பெ, பிளாங்கி, ரஸ்பாய் மூவரும், நம் ஆல்பெரும் சிறைக்குப் போனார்கள். லக்சம்பர்க் ஆணையத்துக்கும் அதோடு மங்களம். தொழிலாளிகளின் பேச்சைக் காதில் வாங்க இருந்த ஒரே இடமும் போயிற்று. மிஞ்சியது பட்டறைகள்.

●

மே 26, இரவு

மாரி இப்போது ஐவர் கொண்ட ஆட்சிக்குழுவில் ஒருவர். பொதுப்பணித்துறைக்குப் புதிய அமைச்சர் த்ரேலா. தொழிலால் மருத்துவர், ஏழைகளை அறிந்தவர், நல்ல மனிதர் என்றே பெயர். அவர் கைக்கு ஓர் உத்தரவு வந்தது. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரையுள்ள மணமாகாத தொழிலாளிகள் ராணுவத்தில் சேர வேண்டும், மறுத்தால் நீக்கம். பாரிஸில் ஆறு மாதம் குடியிருந்த சான்று இல்லாதவர்களும் நீக்கம். மற்றவர்கள் வெளி மாவட்டங்களுக்கு மண்வேலைக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும்.

தோமா தயங்கினார். அவகாசம் கேட்டார். திடீரென்று இதைச் செய்தால் என் ஆட்களுக்கு நான் பொறுப்பில்லை என்றார்.

26ஆம் தேதி இரவு அமைச்சர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. தோமா போனார். த்ரேலா ராஜினாமாக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினார். உடனே போர்தோவுக்குப் புறப்பட வேண்டும், அங்கே கால்வாய் பணி ஒன்றை ஆராய வேண்டும் என்றார். எப்போது? இப்போதே. மோன்சோவில் இருக்கும் என் தாயிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று இளைஞர் கெஞ்சினார். அனுமதி இல்லை. வாசலில் குதிரை வண்டி தயாராக நின்றது. இரு பக்கமும் போலீஸ்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். வண்டி இரவோடு இரவாகத் தெற்கே ஓடியது.

காலையில் மோன்சோவில் இயக்குநரைக் காணவில்லை.

அந்த நூறு நாட்களில் அரசு செய்த பிழைகளில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான். தொழிலாளிகளைக் கட்டுக்குள் வைத்திருந்த ஒரே மனிதரை அரசே கடத்திக்கொண்டு போனது. செய்தி பரவியதும் மோன்சோவில் கொந்தளிப்பு. விளக்கம் சொல்லப் போன த்ரேலாவை ஊளையிட்டு மடக்கினார்கள். புதிய இயக்குநராக லலான் என்ற பொறியாளர் வந்தார். திறமைசாலி, ஆனால் தொழிலாளிகள் கண்ணில் கடத்தியவர்களின் ஆள். பட்டறைத் தலைவர்களும், லக்சம்பர்க் ஆணையத்தின் பழைய பிரதிநிதிகளும் அதுவரை ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்த்தவர்கள். ஜூன் தொடக்கத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசத் தொடங்கின. மாரி போட்ட கணக்கு தலைகீழானது.

●

நிரந்தர வேலைநிறுத்தம்?

சபையில் பட்டறைகளுக்கு எதிராக முன்னே நின்றவர் ஃபலூ. கத்தோலிக்கர், மன்னராட்சிப் பற்றாளர், நயமாகப் பேசுகிறவர். நாளுக்கு 1,70,000 பிராங்க் செலவில் நடத்தப்படும் நிரந்தர வேலைநிறுத்தம் என்று பட்டறைகளைச் சாடினார். ஜூன் 20 அன்று, இடைத்தேர்தலில் வென்று புதிதாக வந்திருந்த விக்டர் ஹூகோ பேசினார். மன்னராட்சியில் பணக்காரச் சோம்பேறிகள் இருந்தார்கள், குடியரசு ஏழைச் சோம்பேறிகளை உண்டாக்கப் போகிறதா என்று கேட்டார். ஆனால் மக்களின் துயரத்தையும் அதே பேச்சில் எடுத்துவைத்தார். சபை முதல் பாதிக்குக் கைதட்டியது.

பட்டறைகள் பணத்தைத் தின்றது உண்மை. சும்மா இருக்கப் பழக்கியது உண்மை. மூடத்தான் வேண்டும் என்று சொன்னவர்கள் எல்லோரும் கொடுங்கோலர்கள் அல்ல. ஆனால் மூடிவிட்டு எங்கே அனுப்புவது? நிதியமைச்சர் தூய்க்ளேர் ஒரு வழி சொன்னார்: நின்றுபோன ரயில் பாதைகளை அரசு வாங்கிக் கட்டட்டும், கொல்லருக்கும் தச்சருக்கும் அவரவர் தொழிலிலேயே வேலை கிடைக்கும். ரயில் கம்பெனிப் பங்குதாரர்கள் கொதித்தார்கள். சபை விவாதத்தை இழுத்தடித்தது. மாற்று வேலை விவாதத்தில் கிடக்க, மூடுவது மட்டும் ஆணையாக வந்தது.

நகரத்தில் மாலை வேளைகளில் சேன் தெனி வாயில் அருகே கூட்டம் கூடத் தொடங்கியது. கலைக்கச் சட்டம் போட்டார்கள். கலைந்தவர்கள் மறுநாள் வந்தார்கள். லூயி நெப்போலியன் பெயரைச் சிலர் கூவினார்கள். வறுமையை ஒழிப்பது பற்றி ஒரு நூல் எழுதியிருந்த அந்த இளவரசருக்கு இடைத்தேர்தலில் பாரிஸே ஓர் இடம் கொடுத்திருந்தது. அவரைப் பற்றிப் பின்னால் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

●

ஜூன் 22, வியாழன்

காலையில் அரசிதழ் வந்தது. முந்தின நாள் ஆட்சிக்குழு எடுத்த முடிவு அதில் அச்சாகியிருந்தது. மே மாதம் தோமா நிறுத்திவைத்த அதே உத்தரவு. பதினெட்டு முதல் இருபத்தைந்து வரை மணமாகாதவர்கள் ராணுவத்துக்கு. மற்றவர்கள் வெளியூருக்கு.

வெளியூர் என்றதும் தொழிலாளிகள் வாயில் வந்த பெயர் சொலோன். ஓர்லியான் நகருக்குத் தெற்கே சதுப்பு நிலம், காய்ச்சலுக்குப் பேர்போனது. மனைவி மக்களைப் பாரிஸில் விட்டுவிட்டு, கல் பதிக்கும் கையால் அங்கே போய் வடிகால் வெட்ட வேண்டும்.

ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் லக்சம்பர்க் அரண்மனைக்கு நடந்தார்கள். முன்னால் லூயி பூஜோல் என்ற இளைஞர். ஒரு காலத்தில் குருமடத்தில் படித்தவர், பிறகு ஆப்பிரிக்காவில் சிப்பாய், இப்போது பட்டறைகளில் ஒரு லெப்டினன்ட். வேதாகமத்தின் நடையில் பேசுவார் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உள்ளே சிலரை மட்டும் விட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் மாரி. பட்டறைகளைத் தொடங்கிவைத்த அதே மாரி.

பூஜோல் பேச வாயெடுத்தார். மே 15 அன்று சபைக்குள் புகுந்தவர்களில் இவரும் ஒருவர் என்று மாரி அடையாளம் கண்டுகொண்டார். உங்கள் பேச்சைக் கேட்கமாட்டேன், மற்றவர்கள் பேசட்டும் என்றார். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்காக இவர்தான் பேசுவார் என்பதுபோல நின்றார்கள். மாரி பொறுமையிழந்தார். நீங்கள் என்ன, இந்த ஆளுக்கு அடிமைகளா என்று அவர்களைக் கேட்டார். போக மறுத்தால் பலவந்தமாக அனுப்புவோம் என்றும் சொன்னார்.

சந்திப்பு முடிந்தது. சில நிமிடங்கள்தான்.

சேன் சுல்பிஸ் சதுக்கத்தில் காத்திருந்த கூட்டத்திடம் பூஜோல் நடந்ததைச் சொன்னார். அமைச்சர் கேள்வியாகக் கேட்டது, கூட்டத்தின் காதுக்குப் போகும்போது வசையாக மாறியிருந்தது: மாரி நம்மை அடிமைகள் என்றார். பூஜோல் திரித்தாரா, கூட்டம் தானே திரித்துக்கொண்டதா, இரண்டும் நடந்திருக்கலாம். பிப்ரவரியில் உங்களால்தான் குடியரசு என்று புகழப்பட்டவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

பிற்பகல் முழுக்க ஊர்வலங்கள். “போகமாட்டோம்! போகமாட்டோம்!” இன்னொரு கோஷமும் கேட்டது: “ரொட்டி, இல்லையேல் ஈயம்!” ஈயம் என்றால் தோட்டா.

இரவு பாந்தியோன் சதுக்கத்தில் தீவட்டி வெளிச்சத்தில் பல ஆயிரம் பேர் கூடினார்கள். மேடையில் ஏறிய பூஜோல் அதிகம் பேசவில்லை. நாளை காலை ஆறு மணிக்கு இதே இடத்தில் என்றார். கூட்டம் கை உயர்த்தியது. தீவட்டிகள் அணைந்தன. அணி அணியாகக் கலைந்தார்கள். அந்த ஒழுங்கை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது தோமாவின் வரிசைமுறை.

●

அரசு என்ன செய்துகொண்டிருந்தது?

போர் அமைச்சர் ஜெனரல் கவேன்யாக். அல்ஜீரியாவிலிருந்து வந்த ராணுவக்காரர். பிப்ரவரியில் சிப்பாய்களைச் சிறு சிறு குழுவாகத் தெருத்தெருவாக நிறுத்தி, கூட்டம் ஒவ்வொன்றாகச் சூழ்ந்து ஆயுதம் பிடுங்கியதை அவர் மறக்கவில்லை. இம்முறை படையைச் சிதறவிடப் போவதில்லை. தடுப்பரண் எழும்பினால் எழும்பட்டும். மொத்தப் படையையும் திரட்டிக்கொண்டு ஒரேயடியாக இறங்கலாம் என்பது அவர் முடிவு. தடுத்து நிறுத்த வேண்டிய இடத்தில் காத்திருந்து நசுக்க முடிவெடுத்தார் என்று பின்னர் பலர் குற்றம் சாட்டினார்கள்.

அவர் கையிலிருந்த படைகளில் ஒன்றின் மேல்தான் அன்றிரவு எல்லோர் கண்ணும் இருந்தது. ஓரமாக நிறுத்திவைத்தோமே, கார்த் மொபில். இப்போது சுமார் பதினைந்தாயிரம் பேர். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. சேன் அந்துவான், தாம்பிள் போன்ற தொழிலாளர் வட்டாரங்களின் சந்துகளில் பிறந்தவர்கள். தச்சர் மகன், தையல்காரி மகன், வேலை போன அச்சகப் பையன். பட்டறைகள் பிறந்த அதே நாட்களில், அதே வேலையின்மையின் காரணமாக, அதே அரசால் சேர்க்கப்பட்டவர்கள். பட்டறைக்காரர் பலர் பிப்ரவரியில் இவர்களோடு ஒரே தடுப்பரணில் நின்றவர்கள். சிலருக்கு அங்கே தகப்பன், இங்கே மகன்.

பணக்காரத் தேசியக் காவலர்கள் இந்தப் பையன்களை நம்பவில்லை. முதல் தோட்டா நம் முதுகில்தான் என்று முணுமுணுத்தார்கள். தொழிலாளிகள் நம்பினார்கள். தெருவில் பச்சை தோள்பட்டைச் சீருடையைக் கண்டால் வாழ்த்துக் கோஷம் போட்டார்கள். நம் பிள்ளைகள், நம் மேல் சுடமாட்டார்கள்.

வித்தியாசம் என்று பார்த்தால் சில உண்டு. பட்டறைக்காரர் வாரத்தில் நான்கு நாள் சும்மா நின்றார்; மாலையில் தன் சந்துக்கே திரும்பினார். காவல் படைப் பையன் நான்கு மாதமாகப் பாசறையில் தூங்கினான், அணிவகுத்தான், தன் பட்டாளத்தோடு சாப்பிட்டான். அவன் படியை யாரும் குறைக்கவில்லை. அவன் தலைவனை யாரும் இரவில் வண்டியேற்றிக் கடத்தவில்லை.

நான்கு மாதச் சோறும் சீருடையும் பிறந்த சந்தை மறக்கவைக்கப் போதுமா? ஜூன் 23 வெள்ளிக்கிழமை காலை பாந்தியோனில் தொழிலாளிகள் கூடும்போது, துப்பாக்கியோடு வரும் பதினைந்தாயிரம் பையன்கள் யாரைக் குறிபார்ப்பார்கள்?

(தொடரும்)